ராத்தங்கல்: நம் மலையில் டென்ட் அடிப்பது பற்றி

பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டால் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளைப் பற்றி எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு ஒரே கேள்விதான். "காளிகேசத்துல டென்ட் அடிக்கலாமா?" "பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் போனா ஒரு ராத்திரி தங்க எடம் இருக்கா?" "கீரிப்பாறைக்கு மேல ஏறிட்டா யாரும் கேக்க மாட்டாங்களாமே, நெசமா?" கேட்கிறவர்கள் நல்ல பிள்ளைகள். மலை மேல் உண்மையான ஆசை உள்ளவர்கள். டென்ட் இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது; ஒருவன் வாங்கினால் நாலு பேர் கிளம்பிவிடுகிறார்கள். எல்லாருக்கும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: காட்டுக்குள் அடிக்கக் கூடாது. அதை மட்டும் சொல்லிவிட்டு போனை வைப்பதில் எனக்குத் திருப்தி இல்லை. ஏன் கூடாது, எங்கே கூடும், கூடுகிற இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து சொன்னால் அந்தப் பிள்ளைகள் கேட்பார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மலையில் ராத்தங்கும் ஆசையை வெளிநாட்டு மோகம் என்று வீட்டுப் பெரியவர்கள் திட்டும்போது நான் பிள்ளைகள் பக்கம்தான் நிற்பேன். சிதறால் மலையில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சமணத் துறவிகள் பாறைக்குகையில் தங்கியிருந்தார்கள். அந்தப் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். மருத்துவாழ் மலைக் குகையில் ஸ்ரீநாராயண குரு தவம் இருந்தார். நம் மலைப் பழங்குடிகளான காணிக்காரர்களுக்கோ இந்த மலைதான் வீடு. அவர்கள் யானைக்குத் தப்ப மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டிப் படுத்தவர்கள். நம் மலைகளில் ராத்திரி தங்கிய மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டுப்பாட்டோடுதான் தங்கினார்கள். நம் பிள்ளைகளுக்கு டென்ட் வந்து சேர்ந்துவிட்டது, அந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுக்க ஆள் வந்து சேரவில்லை.

சட்டத்தைப் பார்ப்போம். குலசேகரத்தில் பஸ் ஏறி பேச்சிப்பாறை வழியாகக் கோதையாறு வரை போனால் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பச்சைக்குள் பல உடைமைக்காரர்கள் இருக்கிறார்கள். முதலில் தனியார் ரப்பர் விளைகள், அதாவது தோட்டங்கள். அப்புறம் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம். அணையும் அதன் கரையும் நீர்வளத் துறைக்கு. கோதையாறு மின் நிலையமும் அதைச் சுற்றிய இடமும் மின்வாரியத்துக்கு. இடையிடையே காணிக்காரர் குடியிருப்புகள். மீதி எல்லாம் வனத்துறை. கிழக்கே மாறாமலை, பாலமோர் பக்கம் போனால் கிராம்புத் தோட்டங்கள் காட்டுக்கு நடுவிலேயே கிடக்கின்றன. "யாரும் இல்லாத இடம்" என்று பையன்கள் சொல்கிறார்களே, அப்படி ஒரு இடம் இந்த மாவட்டத்தில் ஒரு சென்ட் கூட இல்லை.

வனத்துறையின் கீழ் உள்ளதில் பெரும்பகுதி கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம். சுமார் 400 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தின் பரப்பில் கால் பங்குக்கு நெருக்கம். சரணாலயம் என்றால் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நேரடியாகப் பொருந்தும். அதன் 27-வது பிரிவு யார் உள்ளே போகலாம் என்று எண்ணிச் சொல்கிறது: வேலையில் உள்ள அரசு ஊழியர், உள்ளே சொத்து உரிமை உள்ளவர், அவர்களைச் சார்ந்தவர், அனுமதிச் சீட்டு பெற்றவர், பொதுச் சாலையில் கடந்து போகிறவர். கோதையாறு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற வரை நாம் அந்தக் கடைசி வகை. சாலையை விட்டு இறங்கி உள்ளே போய்ப் பாய் விரித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 28-வது பிரிவுப்படி ஆராய்ச்சிக்கு, போட்டோ எடுக்க, சுற்றுலாவுக்கு என்று அனுமதி வாங்க வழி இருக்கிறது. 30-வது பிரிவு தீ வைப்பதைத் தடுக்கிறது, 31 ஆயுதத்தோடு நுழைவதை. பையில் வெட்டுக்கத்தி இருந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டி வரும். பொதுவாக இந்தச் சட்டத்தை மீறினால் மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது 25,000 ரூபாயாக இருந்த அபராத வரம்பை 1 லட்சமாக உயர்த்தினார்கள். கல்லூரி முடித்து அரசு வேலைக்குப் படிக்கிற ஒரு பையன் மேல் இப்படி ஒரு வழக்கு விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு எதிர்க்கேள்வி வரும். "வெளிநாட்டுல எங்க வேணும்னாலும் டென்ட் அடிக்கலாமே?" என் சித்தி மகள் நார்வேயில் நர்ஸாக இருக்கிறாள். அவள் அனுப்புகிற போட்டோக்களைப் பார்த்து எனக்கும் பெருமூச்சு வரத்தான் செய்யும். அங்கே 1957-லேயே இதற்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். வேலி போடாத, உழாத நிலத்தில் யாரும் நடக்கலாம், தங்கலாம். ஆனால் அவள் சொன்ன நிபந்தனைகளையும் கேளுங்கள். ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு 150 மீட்டருக்குள் டென்ட் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு நாளுக்கு மேல் என்றால் உடைமைக்காரரைக் கேட்க வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத உயர்ந்த மலை என்றால் விலக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டத் தடை. சுவீடன் இந்த உரிமையை அரசியல் சாசனத்திலேயே 1994-ல் எழுதி வைத்தது. ஸ்காட்லாந்தில் 2003-ம் வருஷத்துச் சட்டம் அனுமதிக்கிறது. சின்னக் கூட்டமாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று ராத்திரிக்கு மேல் இல்லாமல், வந்த தடம் தெரியாமல் போக வேண்டும் என்பது அதன் வழிகாட்டு நெறி. அதே ஸ்காட்லாந்தில் லோமண்ட் ஏரிக்கரையில் கூட்டம் எல்லை மீறி, குப்பையும் வெட்டிய மரமுமாக ஆனபோது, 2017 முதல் மார்ச்–செப்டம்பர் மாதங்களில் சீட்டு வாங்கினால்தான் தங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற இடத்தில் மட்டும் இப்படித் தங்கும் உரிமை இருந்தது. நில உடைமைக்காரர்கள் வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம்தான் மக்கள் பக்கம் தீர்ப்பானது. அமெரிக்காவின் தேசிய வனங்களிலும் குறித்த இடத்துக்கு வெளியே தங்கலாம், பெரும்பாலும் 14 நாள் வரம்பு.

இதையெல்லாம் விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த நாடுகளில் உரிமையும் கட்டுப்பாடும் சேர்ந்தே வளர்ந்தன. நாம் பார்க்கிற வீடியோவில் உரிமை மட்டும்தான் தெரிகிறது. இன்னொரு பெரிய வித்தியாசம், ஸ்காட்லாந்து மலையில் ராத்திரி வெளியே வந்தால் மான் நிற்கும். நம் மலையில் ராத்திரி வெளியே வருவது யானை. காட்டுமாடு, கரடி, சிறுத்தை எல்லாம் உண்டு. வடக்கே மலை தாண்டினால் 1988-ல் புலிகள் காப்பகமான களக்காடு–முண்டந்துறை. மிருகத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. அந்த ஊர்ச் சட்டத்தை அப்படியே தூக்கி வந்து இங்கே நடுவதை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் காட்டில் முறைப்படி ராத்தங்கிய அனுபவம் எனக்கு யானைக் கணக்கெடுப்பில் கிடைத்தது. மே மாதத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று தென்மாநிலங்கள் ஒரே நாட்களில் சேர்ந்து நடத்துகிற கணக்கெடுப்பு. தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். முதல் நாள் ஒதுக்கிய பகுதிக்குள் நடந்து கண்ணில் படுகிற யானையை எண்ணுவது, இரண்டாம் நாள் நேர்கோட்டில் நடந்து லத்தியை, அதாவது யானைச் சாணத்தை எண்ணுவது, மூன்றாம் நாள் தண்ணீர் குடிக்கிற இடத்தில் காத்திருந்து எண்ணுவது. ராத்திரி தங்கல் வேட்டைத் தடுப்பு முகாமில். தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம், அதைச் சுற்றி ஆள் ஆழத்துக்கு அகழி. அகழியைக் கடக்க இரண்டு தடி போட்டிருந்தார்கள். பொழுது சாயும்போது அந்தத் தடிகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் யாரும் வெளியே கிடையாது, மூத்திரம் போவதானாலும் அகழிக்கு உள்பக்கம்தான்.

எங்களோடு இருந்த காவலர்களில் மூத்தவர் ஒரு காணிக்காரர். வயது அறுபதை ஒட்டி இருக்கும். அவர் எங்களுக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. போகிற போக்கில் ஒன்று சொல்வார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மத்தியானம், ஓடைக்கரையில் மணல் விரித்த ஒரு அழகான திட்டைப் பார்த்து, "இங்க டென்ட் போட்டா எப்படி இருக்கும்!" என்று எங்களில் ஒருவர் சொல்லிவிட்டார். பெரியவர் நின்றார். பக்கத்தில் கிடந்த லத்தியை ஒரு குச்சியால் பிளந்தார். உள்ளே ஈரம் இருந்தது, வண்டுகள் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தன. ஈத்தை என்கிற சிறு மூங்கிலின் நாரும், செரிக்காத ஏதோ கொட்டையும் கலந்து கிடந்தது. "நேத்து ராத்திரி இல்ல, இன்னைக்கு விடியக்காலம் போயிருக்கு" என்றார். பிறகு மணலைக் காட்டினார். நாங்கள் பார்க்காமலே மிதித்து வந்த தடம் அது, முறத்தளவு வட்டம், உள்ளே வெடித்த கோடுகள். எதிர்க்கரையில் ஈத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"மக்ளே, ஆனைக்கு நம்ம மேல கோவம் ஒண்ணும் கெடையாது. அது போற வழியில நாம படுத்துக் கெடந்தா அது எப்படிப் போவும்? அதுக்கும் வழி வேணும்லா."

அப்புறம் சொன்னதுதான் என் மனதில் ஆழப் பதிந்தது. "தண்ணிச் சத்தம் கேக்குத எடத்துல படுக்கப்படாது. தண்ணி சத்தம் போட்டா வேற எதுவும் காதுல விழாது." வெளிநாட்டுக் கையேடுகளில் நீரை விட்டு 200 அடி, அதாவது 60 மீட்டர் தள்ளித் தங்கு என்று எழுதியிருப்பார்கள். நீர் கெடக்கூடாது என்பதும், மிருகம் தண்ணீருக்கு வர வழி வேண்டும் என்பதும் அவர்கள் சொல்கிற காரணம். பெரியவர் சொன்னது நம் உயிரைக் காக்கிற காரணம். நடையோசை, குச்சி முறிகிற சத்தம், மூச்சு, இதையெல்லாம் ஓடை விழுங்கிவிடும்.

இடம் பார்க்கிற விதத்தை நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஈத்தைக் காட்டுப் பக்கம் வேண்டாம், அது யானையின் சாப்பாட்டு இடம். இரண்டு மேடுகளுக்கு நடுவில் தணிந்த இடம் வேண்டாம், மிருகம் மலை கடக்கிற வழி அது. பழம் உதிர்கிற மரத்தடி வேண்டாம், கரடி வரும். ராத்திரி சத்தம் கேட்டால் டார்ச்சை அடித்துத் துழாவ வேண்டாம். சென்ட் பூசிக்கொண்டு வர வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கே சமையல் முடிந்துவிடும். அரிசி மூடி இறுக்கிய தகர டின்னில், உப்பும் அப்படியே. கஞ்சித் தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்ட விடமாட்டார், தோண்டிய குழியில் ஊற்றி மண் தள்ளச் சொல்வார். மரச்சீனிக் கிழங்கு அவித்த பாத்திரத்தைக் கழுவாமல் வைத்த ஒரு பையனை, தூங்கப் போனவனை எழுப்பிக் கழுவ வைத்தார். எரிச்சலாக வந்தவனுக்குக் காரணம் அன்று ராத்திரியே புரிந்தது. அகழிக்கு அந்தப் பக்கம் ஈத்தை முறிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவர் எழுந்து உட்கார்ந்தார், விளக்கைத் தொடவே இல்லை. நாங்களும் உட்கார்ந்திருந்தோம். சத்தம் மெல்ல மேற்கே நகர்ந்த பிறகு, "படுங்க" என்று சொல்லிவிட்டு அவர் படுத்துக்கொண்டார்.

அந்த அகழி இல்லாமல், ஒரு நைலான் துணிக்குள் அரிசியும் பழமும் வைத்துக்கொண்டு நாலு பையன்கள் அதே இடத்தில் படுத்திருந்தால்? அரிக்கொம்பன் கதை எல்லாருக்கும் தெரியும். அரிசிக்காக ரேஷன் கடையையும் வீட்டையும் உடைத்துப் பழகிய யானை அது. கழுத்தில் ஏற்கெனவே ரேடியோ காலரோடு இருந்த அதை 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்து, மேல் கோதையாறு காட்டில்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு யானைக்கு அரிசி ருசி பழகிவிட்டால் அதன் வாழ்க்கையே திசை மாறிவிடுகிறது, அது இருக்கும் ஊர்களின் வாழ்க்கையும்தான். டென்டில் சிந்துகிற சோறு நம் ஆபத்தோடு முடிவதில்லை. நாம் ஊர் திரும்பிய பிறகு அதே யானையின் எதிரில் விடியற்காலம் நெற்றி விளக்கோடு நிற்கப் போகிறவர் மணலோடை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒரு அம்மா. காணிக் குடியிருப்பில் இருந்து பள்ளிக்கூடம் போகிற ஒரு குழந்தை. இதுதான் எனக்கு மற்ற எல்லாக் காரணங்களையும் விடப் பெரிய காரணம்.

தீயைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போனவர்கள் இறங்கி வரும் வழியில் காட்டுத்தீயில் மாட்டி 23 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் இறுகின. நம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் இதில் இன்னும் கவனம் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாடிகளைப் பார்த்தாலே தெரியும். மாசி, பங்குனியில் தோவாளைப் பக்கத்து மலைகளில் புல் காய்ந்து நிற்கும். அங்கே விழுகிற ஒரு பீடித் துண்டு எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகும் என்று யாராலும் கணிக்க முடியாது. மேற்கே ஈரக் காடுதானே என்கிறவர்களுக்கு: ஈரக் காட்டில் தீ பிடிக்க நேரமாகும் என்பதாலேயே பையன்கள் பச்சை மரத்தை வெட்டுகிறார்கள், பெட்ரோல் ஊற்றுகிறார்கள். முகாமில் அடுப்பு அணைத்த பிறகு பெரியவர் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, கடைசியில் வெறுங்கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். கை சுடாவிட்டால்தான் அந்த இடத்தை விட்டு நகர்வார்.

தண்ணீரும் அப்படித்தான். அணையின் முழு மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். மழைக்காலத்தில் காலையில் பேப்பரைத் திறந்ததும் அணை நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்போம். பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை வந்துவிடும். ஆனால் அணைக்கு மேலே உள்ள ஓடைகளுக்கு எச்சரிக்கை கொடுக்க ஷட்டரும் இல்லை, சைரனும் இல்லை. காளிகேசத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மேகம் உடைந்து பெய்திருக்கும். தெளிந்து ஓடுகிற தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் பையைக் கூட எடுக்காமல் கரையேற வேண்டும். ராத்திரி தூக்கத்தில் அதை யார் பார்ப்பது? தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் இது. ஓடைக்கரை மணல் திட்டு என்பதே வெள்ளம் வந்துபோகிற இடம் என்பதற்கான அடையாளம். மரத்தடிக்கும் ஒரு வார்த்தை: 2017 ஓகி புயலில் ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். பட்டுப்போன கொம்பு மேலே இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் எந்த மரத்தடியிலும் படுக்காதீர்கள், சொந்த விளையானாலும் சரி.

பாம்பு கடித்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோதையாற்றுக்கு மேலே போனில் சிக்னல் நம்ப முடியாது. அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் பகலில் போவதே நீண்ட பயணம்.

மலம் கழிப்பது, குப்பை, குப்பி. கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். நீரோட்டத்தை விட்டு 60 மீட்டராவது தள்ளி, அரை அடிக்கு மேல் குழி தோண்டி, முடிந்ததும் மண் மூட வேண்டும். ஓடையில் சோப்பு, ஷாம்பு கூடவே கூடாது. கீழே அதே தண்ணீரைக் குடிக்கிற குடியிருப்பு இருக்கிறது. கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் திரும்பி வர வேண்டும். மதுக்குப்பி பற்றி எனக்குக் கோபம் வராமல் எழுத முடியாது. யானையின் பாதம் பார்க்கத்தான் தடிமன், அடிப்பக்கம் மெத்தென்று இருக்கும். உடைந்த குப்பிச் சில்லு ஏறினால் சீழ் பிடித்து நடக்க முடியாமல், தீனிக்குப் போக முடியாமல், வாரக்கணக்கில் நொந்து சாகும். காட்டில் குப்பியை உடைக்கிறவன் அதைத் தெரிந்தேதான் செய்கிறான் என்று நான் நம்ப விரும்பவில்லை. தெரிந்த பிறகும் செய்தால் அவனுக்கு மலையில் இடம் கிடையாது.

கடற்கரையில் டென்ட் அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அங்கேயும் முதலில் ஊரைக் கேளுங்கள். வள்ளம் ஏற்றுகிற மணல் மீனவர்களின் வேலைக்களம், விடியற்காலம் மூன்று மணிக்கு அங்கே ஆள் ஓடும். கள்ளக்கடல், அதாவது சொல்லாமல் கொள்ளாமல் பொங்கி வருகிற பேரலைக்கு எச்சரிக்கை இருந்தால் கரையில் படுப்பதை நினைக்கவே வேண்டாம். 2024 மே 6-ம் தேதி லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைப் பட்டப்பகலில் அலை இழுத்துப் போனதை இந்த மாவட்டம் மறக்காது.

சரி, எங்கேதான் தங்குவது? இப்போதைக்கு நான் சொல்வது சொந்தக்காரர் விளை. நம் மாவட்டத்தில் யாருக்காவது ஒரு மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அருமனை, கடையால் பக்கம் ரப்பர் விளை இருக்கும். அவரிடம் கேட்டு, பக்கத்து விளைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, காட்டை ஒட்டாத இடமாகப் பார்த்து டென்ட் அடியுங்கள். மழையில் டென்ட் எப்படி ஒழுகும், ராத்திரி எத்தனை சத்தம் கேட்கும், சமைத்த இடத்தைத் தடம் தெரியாமல் எப்படித் துடைப்பது எல்லாம் அங்கேயே பழகலாம். நடப்பதற்கு, 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் அறிவித்தார்கள், நம் மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. உள்ளூர் வழிகாட்டியோடு காலையில் போய் அன்றைக்கே திரும்புகிற நடை. தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். அப்போது போய்ச் சண்டை போடாதீர்கள்.

ஆனால் இதோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. மலையில் ஒரு ராத்திரி இருந்தவனுக்குக் காட்டின் மேல் வருகிற மரியாதை, பகலில் போட்டோ எடுத்துத் திரும்பியவனுக்கு வருவதில்லை. கேரளத்துக்காரர்கள் அகத்தியர்கூடத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள். 1,868 மீட்டர் உயரம், போனக்காட்டில் இருந்து நடை, அதிருமலை முகாமில் மட்டும் ராத்தங்கல். வருஷத் தொடக்கத்தில் சில வாரங்கள்தான், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு, முன்பதிவு, வழிகாட்டி, பிளாஸ்டிக்குக்கும் மதுவுக்கும் தடை. நம் ஊரில் இருந்தும் எத்தனையோ பேர் போய் வருகிறார்கள். கண்ட இடத்தில் டென்ட் அடிக்கிற ஆசைக்கு இதை விட நல்ல பதில் இல்லை.

நம் பக்கமும் அப்படி ஒன்றிரண்டு இடம் வேண்டும் என்று வனத்துறைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். புதிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே மனிதர் புழங்குகிற ஓரமாக, அகழி சூழ்ந்த ஒரு திறந்த தளம் போதும். மழை ஓய்ந்து தீக்காலம் தொடங்குவதற்குள் மார்கழி, தை மாதங்களில் மட்டும். ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது. திறந்த தீ கூடாது, சாப்பாடு குடியிருப்பில் இருந்து காணிப் பெண்கள் சமைத்து வருவது, அதற்கான கூலி நேராக அவர்கள் கையில். காணிக்காரர் கிராமசபை ஒத்துக்கொண்டால் மட்டும்தான் இடம் முடிவாகும், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். வழிகாட்டியாக இரண்டு காணிக்காரர்கள், ஒருவர் வயதானவராக இருக்க வேண்டும். கட்டணத்தில் மாணவருக்குப் பாதி. விதியை மீறிக் காட்டில் டென்ட் அடித்துப் பிடிபட்டவருக்கு ஐந்து வருஷம் அனுமதி கிடையாது.

இந்தக் கடைசி இரண்டு வரிகளில் நண்பர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. ஐந்து வருஷம் அதிகம் என்கிறார்கள் சிலர், நான் குறைக்கப்போவதில்லை. இடம் பற்றியும் ஒத்த கருத்து வரவில்லை. பேச்சிப்பாறைக்கு மேற்கா, கீரிப்பாறைப் பக்கமா என்று இரண்டு அணி. அந்தப் பக்கத்து ஆட்கள், குறிப்பாகத் தோட்டத் தொழிலாளிகளும் குடியிருப்புக்காரர்களும், எந்த இடம் வேண்டாம் என்பதைக் காரணத்தோடு எனக்கு எழுதினால் மனுவில் சேர்த்துவிட்டு, ஓணத்துக்கு முன்பு நாகர்கோவிலில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.